கட்டுமரம்: கடலூர்க் கரையில் வீட்டு வாசலில் உருவான கடற்கலம்

கட்டுமரம் என்பது எடை குறைந்த மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கடற்கலம் ஆகும். இதற்கு இரும்பாணி வேண்டாம், தார் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் வாழும் மீனவர் இதனைத் தம் குடியிருப்பின் மணலிலேயே செய்தும் பழுது பார்த்தும் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தி வந்துள்ளனர். பேச்சு வழக்கில் இதற்கு 'மரம்' என்றே பெயர். "மரம் வந்துடுச்சா?" என்று கரையில் ஒருவர் கேட்டால், கடலுக்குப் போன கட்டுமரம் திரும்பிவிட்டதா என்பதே பொருள்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைப் பட்டியலிடும்போது 'கட்டுமரம்' தவறாமல் இடம்பெறும். ஆனால் அதை எப்படிச் செய்வார்கள், ஏன் கட்டினார்கள், ஏன் ஆணி அடிக்கவில்லை என்று கேட்டால் விடை சொல்பவர் அரிது. கடலூர் மாவட்டக் கரையை முன்வைத்து அந்த விவரங்களை இக்கட்டுரை தருகிறது.

ஊரும் கரையும்

கடலூர் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 57 கி.மீ. நீளமுடையது. தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, அன்னங்கோயில், முடசலோடை, கிள்ளை என மீனவ ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களில் பட்டினவர் சமூகத்தார் பெரும்பான்மையினர்.

மாவட்டத்தின் தென்மேற்கிலுள்ள காட்டுமன்னார்கோயில் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரியும், நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரமும் அதன் அடையாளங்கள். (ஊர்ப்பெயரில் உள்ளது 'காடு'. கட்டுமரத்தில் உள்ளது 'கட்டு'. ஒலி ஒப்புமை கண்டு இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.) இந்த உள்நாட்டுப் பகுதிக்கும் கரைக்கும் இடையிலான உறவு ஆறுகளால் ஏற்பட்டது. வடக்கே வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம் பழையாற்றுக்கு அருகே கலக்கிறது. நெல்லும் வைக்கோலும் விளையும் நிலம் ஒருபுறமும், மீனும் கருவாடும் கிடைக்கும் மணல் மறுபுறமும் இருக்க, கூடை சுமந்த மீனவப் பெண்கள் இரண்டையும் இணைத்தனர்.

இக்கரையில் மலையோ பாறையோ இல்லை. ஆழமான இயற்கைத் துறைமுகமும் இல்லை. ஆற்று முகத்துவாரங்களில் மணல் திட்டுகள் அடைத்துக்கொள்ளும். திறந்த கரையில் அலை வரிசையாக எழுந்து, கரைக்குச் சற்று முன்னே உடைந்து விழும். கலத்தைத் தள்ளிக்கொண்டு அந்த அலையைத் தாண்டுவதும், திரும்பி வரும்போது அதே அலையில் ஏறி மணலில் இறங்குவதும்தான் இங்குள்ள மீனவருக்கு அன்றாடச் சோதனை. சட்டமும் பலகையும் கொண்டு ஆணியால் இறுக்கிய படகு, மணலில் மோதும்போது தன் விறைப்பினாலேயே பிளக்கும். உள்ளே நீர் புகுந்தால் மூழ்கும். கட்டுமரத்துக்கு உள்பகுதி என்று ஒன்று இல்லாததால் நீர் தங்க இடமில்லை. மேலே விழுந்த அலை கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். 'நாகரிகம் வளராத காலத்துத் தெப்பம்' என்று இதைக் கருதுவோர் இந்தக் கரையின் அலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை எனலாம்.

மரம் தேடுதல்

எல்லா மரமும் 'மரம்' ஆகாது. உறுதியைவிட இங்கே எடைக் குறைவே முதல் தேவை. தேக்கு நீடித்து உழைக்கும், ஆனால் கனம் மிகுதி. ஆகவே தணக்கு, மலைவேம்பு, இலவம், கல்யாண முருங்கை போன்ற மென்மரங்களே பழங்காலத்தில் தேடப்பட்டன. இவற்றுள் தணக்கு மரம் கட்டுமரத்துக்கு உரியது என்றே தாவரவியல் நூல்களில் பெயர் பெற்றது. பிற்காலத்தில் கேரளத்திலிருந்து லாரிகளில் வந்த அல்பிசியா மரம் பெருமளவு பயன்பட்டது.

மீனவ ஊர்களின் மணலில் இம்மரங்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுமரம் வாசலில் செய்யப்பட்டாலும் அதன் மூலப்பொருள் மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தது. மீனவர் தாமே கூடிச் சென்று மரம் பார்த்து வாங்குவதும் உண்டு. நேராக வளர்ந்ததா, உள்ளே பொந்து இருக்கிறதா, முனையில் இயல்பான வளைவு கிடைக்குமா என்று பார்த்து, தட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பர். ஒரே அடிமரத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கும் கட்டை கிடைத்தால் எடை சமமாக இருக்கும்.

கட்டும் முறை

மரவேலை தெரிந்தவரை ஓடாவி என்றோ ஆசாரி என்றோ அழைப்பர். சில ஊர்களில் மீனவரே இவ்வேலையைக் கற்றிருந்தனர். கோடாலி, வாச்சி, உளி, ரம்பம் ஆகியவை போதும். வரைபடம் கிடையாது. முழம், சாண், விரல் என்று உடலே அளவுகோல். பழைய மரத்தின் அளவைப் பார்த்துப் புதியதைச் செய்வதும், 'போன மரம் இடப்பக்கம் இழுத்தது' என்று குறை கண்டு அடுத்ததில் திருத்துவதும்தான் இதன் பாடத்திட்டம்.

வெட்டிவந்த அடிமரம் சில காலம் உலர விடப்படும். பின்னர் பட்டை நீக்கி, வாச்சியால் செதுக்கி வடிவம் கொடுப்பர். கட்டைகளை ஒரே மட்டத்தில் பாய் விரித்ததுபோல் அடுக்குவதில்லை. நடுக்கட்டை சற்றுத் தாழ்ந்திருக்கும். அதன் இருபுறமும் வரும் கட்டைகள் படிப்படியாக உயர்ந்து நிற்கும். இதனால் அடிப்பகுதி நீரைக் கிழித்துச் செல்லும் வடிவம் பெறுகிறது, மேற்பகுதி ஆள் அமரும் ஆழமற்ற தொட்டி போலாகிறது. முன்பக்கத்தை அணியம் என்பர். அலையின் மீது ஏறுவதற்காக அங்கே மேல்நோக்கி வளைந்த துண்டுகள் சேர்க்கப்படும். மரத்தின் அழகே அணியத்தில்தான் இருக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் அலை தலைக்கு மேல் போகும்.

அடுத்து வருவது கட்டு. கட்டைகளின் விளிம்பில் கயிறு நழுவாதிருக்கக் காடி வெட்டுவர். குறுக்குக் கட்டை வைத்து, முன்னே ஓரிடமும் பின்னே ஓரிடமுமாகத் தேங்காய் நார்க் கயிற்றால் சுற்றி இறுக்குவர். நார்க் கயிறு நனைந்தால் மேலும் இறுகும் என்பது இதில் உள்ள நுட்பம். அதே நேரத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று சிறிதே அசையவும் அது இடம் கொடுக்கும். அலையின் அடி ஒரே இடத்தில் விழாமல் எல்லாக் கட்டைகளுக்கும் பகிரப்படுகிறது.

மூன்று அல்லது நான்கு கட்டைகள் கொண்ட சிறிய மரம் ஒருவரோ இருவரோ கரையோரத்தில் வலை வீசப் போதுமானது. கோலா மீன் பிடிக்க ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய மரத்தில் ஏழு கட்டைகள் வரை இருக்கும். தழைகளைக் கட்டாகக் கட்டி நீரில் மிதக்கவிட, முட்டையிட வரும் கோலா மீன்களை அள்ளும் முறை இக்கரையின் பழைய தொழில்களுள் ஒன்று. முக்கோணப் பாய், மூங்கில் துடுப்பு, காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்கக் கட்டைகளுக்கு இடையே செருகும் பலகை ஆகியவை துணைக்கருவிகள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பிரித்தறிந்தவர்களுக்குப் பாய் ஒன்றே எஞ்சின்.

பிரித்து உலர்த்தும் கலம்

மென்மரம் நீரை உறிஞ்சும். நாள் முழுதும் கடலில் கிடந்த கட்டை கனத்துப்போய் மிதக்கும் ஆற்றலை இழக்கத் தொடங்கும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலர வைப்பர். மறுநாள் மீண்டும் கட்டுவர். அதாவது கட்டுமரம் ஒருமுறை செய்து முடித்துவிடும் பொருளன்று. கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அது மறுபடி கட்டப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பையனும் அப்பாவுடன் கயிறு பிடித்து, எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் எது, எங்கே முடிச்சு விழ வேண்டும் என்று கற்றுக்கொண்டான். தனியே பயிற்சி தேவைப்படவில்லை.

பொருளாதார நோக்கில் இதன் பயன் பெரிது. ஒரு கட்டை உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றலாம். கையில் பணம் இல்லாத ஆண்டில் பழைய கட்டையைச் செதுக்கிச் சமாளிக்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து தோளில் சுமந்து மேட்டில் ஏற்றிவிடலாம். உழைப்பவனே கலத்துக்கு உடைமையாளனாக இருக்க முடிந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கட்டுமரத்தில் நிழல் இல்லை, ஒதுங்க இடமில்லை. மணிக்கணக்கில் முழங்காலிட்டுத் துடுப்புப் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம். உப்பு நீரில் ஊறிய காலில் புண் ஆறாது. பிடித்த மீனைக் கூடையில் கட்டி வைக்கலாமே தவிரப் பனிக்கட்டியில் வைக்க முடியாது. தூரம் போக முடியாது, காற்று மாறினால் திரும்பவும் முடியாது. கட்டுமரத்தைப் புகழ்பவர் பெரும்பாலும் கரையில் நிற்பவர்களே.

அயலார் கண்ட கட்டுமரம்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்புளூஸ்' என்ற கிரேக்க நூல், சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய துறைகளைக் கூறுகிறது. பொதுகே என்பது கடலூருக்கு வடக்கே புதுச்சேரியை அடுத்துள்ள அரிக்கமேடு என்பது பெரும்பாலோர் கருத்து. பெரிய ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கர' என்னும் கலங்களையும் அந்நூல் குறிப்பிடுகிறது. மலையாளத்தில் மிதவையைக் குறிக்கும் 'சங்ஙாடம்' என்ற சொல்லோடு இதனை ஒப்பிடுவர். அந்தச் 'சங்கர' இன்றைய கட்டுமரமேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மரத்தைப் பிணைத்துக் கலம் செய்யும் பழக்கம் இக்கடலில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு அது சான்று.

1669 முதல் 1679 வரை வங்கக் கடல் நாடுகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி, கட்டுமரத்தைப் படமாகவே வரைந்து வைத்தார். 1697-இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலும் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெற்றது. இவ்வாறு ஆங்கிலத்துக்குள் சென்ற சொல், பின்னர் பொருள் மாறியது. 1876-இல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடற்பகுதிகள் கொண்ட 'அமரில்லிஸ்' என்னும் பந்தயப் படகை ஓட்டிக் காட்டினார். அவ்வகை இரட்டைப் படகுகளுக்குக் 'கட்டமரான்' என்ற பெயர் நிலைத்தது. இரட்டைப் படகு பசிபிக் தீவு மக்களின் மரபு. பெயர் மட்டும் தமிழருடையது. இன்றைய இரட்டை உடல் கப்பல்களைத் தமிழர் கண்டுபிடித்தனர் என்று எழுதுவது பிழை.

கட்டுமரத்தை முறையாக ஆராய்ந்தவர் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், சோழமண்டல வகையையும், இரு பாதிகளாகச் செய்து சேர்க்கும் ஆந்திர வகையையும், தென்முனை வகையையும் வேறுபடுத்திக் காட்டியது. இப்பொருளில் இன்றும் தொடக்க நூல் அதுவே. மரத்தைச் செய்தவர்களின் பெயர்கள் மட்டும் எந்த நூலிலும் இல்லை.

தைத்த படகு

கட்டுமரத்துக்கு உறவான இன்னொரு கலம், அயல்நாட்டார் 'மசூலா' என்று எழுதிய தைத்த படகு. பலகைகளை நார்க் கயிற்றால் தைத்து, சட்டம் இல்லாமல் செய்வர். அலை அடிக்கும்போது அது வளைந்து கொடுக்கும். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்ட பின்னும், அவர்களுடைய பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியவில்லை. ஆளும் சரக்கும் சிறு படகுகளிலேயே கரைக்கு வந்தன. ஒரு பேரரசின் வணிகமே நார்க் கயிற்றை நம்பி இருந்தது. 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொண்டுவந்து உருக்காலை நடத்தினார். அந்த ஆலைக்கு எதிரே கடலில் மிதந்தவை ஓர் இரும்பாணியும் இல்லாத மரங்கள்.

எஞ்சின் காலம்

நாட்டு விடுதலைக்குப் பின் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பருத்தி வலைக்குப் பதில் நைலான் வலை வந்தது. விசைப்படகுகள் கரைக்கு அருகிலேயே இழுவலை போட்டு இறாலை அள்ளின. கட்டுமரத்துக்காரர் வலை அறுந்தது, சண்டை மூண்டது. 1983-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தை எந்திரமில்லாக் கலங்களுக்கு ஒதுக்கியது. காகிதத்தில் கோடு போடுவது எளிது, கடலில் போடுவது கடினம்.

இதற்கிடையே மர விலை ஏறிக்கொண்டே போனது. நல்ல அடிமரம் கிடைப்பது அரிதாயிற்று. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்கக் கடல் திட்டம் 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, அலையில் இறங்கக்கூடிய புதிய படகு வடிவங்களைச் சோதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். அம்முயற்சிகளில் மீனவரின் தேவை கேட்கப்பட்டது, உள்ளூர்க் கைகளும் பயன்பட்டன. ஆனாலும் இறுதியில் பரவியது கண்ணாடி இழைப் படகு. சிலர் கட்டுமர வடிவத்தையே கண்ணாடி இழையில் வார்த்து, வெளிப்பொருத்து எஞ்சினை மாட்டினர். பெயர் கட்டுமரம்தான். ஆனால் அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

2004-க்குப் பின்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையில் கிடந்த கட்டுமரங்கள் கட்டை கட்டையாகச் சிதறின. அந்தக் கட்டைகளே வீடுகளின் மீது மோதிச் சேதம் விளைவித்தன.

அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் கலங்களை வழங்கின. நன்கொடையாளருக்குப் புதிய, பளபளப்பான, எண்ணிக் காட்டக்கூடிய பொருள் தேவைப்பட்டது. கண்ணாடி இழைப் படகு அதற்குப் பொருந்தியது. பட்டறைகள் அவசர அவசரமாக வார்த்துத் தள்ளின. தேவைக்கு மேல் படகுகள் பெருகுகின்றன என்று மீன்வள அறிஞர்களும் மீனவர் கூட்டமைப்புகளும் அப்போதே எச்சரித்தனர். மெதுவாக நிகழ்ந்து வந்த மாற்றம் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோனது.

இதனால் நன்மை இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. கண்ணாடி இழைப் படகில் அமரலாம், பனிக்கட்டிப் பெட்டி வைக்கலாம், ஆழ்கடலுக்குப் போய் அன்றே திரும்பலாம். முழங்கால் தேய்ந்த தந்தை தன் மகன் கட்டுமரம் ஏறக்கூடாது என்று விரும்பியதில் தவறு எதுவும் இல்லை. மாறியது வேறொன்று. படகு, எஞ்சின், டீசல் என்று மூன்றுக்கும் கடன் வேண்டும். கடன் கொடுத்த வியாபாரியிடமே மீனைக் கொடுக்க வேண்டும். தனியொருவர் தன் கையால் செய்து, தானே ஓட்டி, தானே விற்ற நிலை போய், நான்கைந்து பேர் பங்குக்குப் போகும் நிலை வந்தது. விரிசல் விட்டால் பட்டறைக்காரர் வர வேண்டும். வாச்சி பிடித்த கைக்கு வேலை இல்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. எந்திரம் பொருத்தாத கட்டுமரத்துக்கு அத்தடையிலிருந்து விலக்கு உண்டு. சட்டம் கலத்தைப் பாதுகாக்கிறது, கலம் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

படகு வாங்க வசதியில்லாதவர்களும், பங்காளிகளை நம்பாமல் தனியே தொழில் செய்ய விரும்புபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பாம்பன், இராமேசுவரம் போன்ற இடங்களில் அவர்கள் தெர்மோகோல் பாளங்களை அடுக்கி, சாக்கு அல்லது பழைய வலையால் சுற்றி, கயிற்றால் இறுகக் கட்டி, ஒற்றை ஆள் மிதவை செய்துகொள்கின்றனர். தெர்மோகோல் உதிர்ந்து கடலில் கலப்பதும், காற்றடித்தால் மிதவை நிலைகொள்ளாததும் கவலைக்குரியவை. ஆனால் அதைச் செய்பவர் வாசலில் உட்கார்ந்து, பாளங்களின் விளிம்பில் கயிறு நழுவாதிருக்கக் காடி வெட்டி, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகக் கட்டுப் போடுகிறார்.